நூற்றுப் பதினேழு நல்ல பேரும் ஒரு பொட்டும்

ஞானம்பாளின் விரல்கள் அவள் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. காய்கறிக்காரியிடம் கத்தரிக்காய் பொறுக்கும்போது கத்தரிக்காயின் மேல் தட்டும். நெல்லையப்பர் சந்நிதியில் கும்பிடக் கூப்பிய கைகளுக்குள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து ஒதுங்கி இடம் விடுவார்கள். ஒரு பிரதோஷத்தன்று அவள் கணவர் திருஞானசம்பந்தம் உற்றுப் பார்த்தார். இருபது வருஷம் குடும்பம் நடத்திய அனுபவத்தில், அங்கே ஓடுவது தேவாரம் இல்லை, 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்' என்று கண்டுபிடித்தார்.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு மாடியில் ஞானம்பாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள். பதினான்கு இயந்திரங்கள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் பிள்ளைகள் வாசலிலேயே நின்று "கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்க ஆரம்பித்ததால் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாள். கூடவே டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட். கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். அதன் வழியாகச் சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

சண்டைக்குக் காரணமான சரக்கு, கணவரின் தாத்தா விட்டுப்போனது. அவருக்குச் செங்கோட்டையில் வயல் இருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். சொந்தச் சித்தப்பா மகனோடு ஒரு வரப்புக்காக வழக்குப் போட்டார். திருவனந்தபுரத்தில் வக்கீல். வாரம் ஒரு கடிதம் வக்கீலிடமிருந்து வரும், இருபத்தேழு வருஷம் வந்தது. கடைசியில் தாத்தா ஜெயித்தார். ஜெயிப்பதற்காக அதற்குள் வயலை விற்றிருந்தார். வரப்பும் போய், வயலும் போய், பேரன் தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராகிப் பிறத்தியார் வரப்புகளை அளந்து கொடுக்கும் நிலைமைக்கு வந்தபோது, மிச்சமிருந்தது ஒரு தேக்குப் பெட்டி நிறைய வக்கீல் அனுப்பிய உறைகள். ஒவ்வொன்றிலும் திருவிதாங்கூர் அஞ்சலின் சங்கு படம் போட்ட தபால்தலை. பூச்சி அரிக்காமல் இருக்க யாரோ புண்ணியவான் வசம்பு போட்டு வைத்திருந்தார்.

இன்டர்நெட் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் ஒரே ஒரு உறையை ஏலத்துக்கு விட்டாள் ஞானம்பாள். ஒரு வாரத்தில் நான்கு நாட்டுக்காரர்கள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். செங்கோட்டை வரப்புத் தகராறு ஸ்வீடன் வரைக்கும் போனது அப்படித்தான்.

தலைமைத் தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் தபால் வாங்குகிற சேக் முகம்மதுவுக்கு இது பிடிபடவே இல்லை.

"ஏக்கா, இந்த லெட்டரு அம்பது அறுவது வருசத்துக்கு முன்னாடியே டெலிவரி ஆயிட்டே. முத்திரையெல்லாம் விழுந்திருக்கு. மறுபடியும் எதுக்கு அனுப்புதிய?"

"போன தடவ செங்கோட்டைக்குப் போச்சு தம்பி. இந்தத் தடவ ஸ்டாக்ஹோமுக்குப் போவுது."

"அங்கன யாருக்கு வழக்கு?"

சரக்கைப் பற்றிச் சொன்னேன். இனி வியாதியைப் பற்றி.

அந்த ஏலத் தளத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. பொருள் கைக்கு வந்ததும் வாங்கியவர் விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதலாம். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதினது எழுதினதுதான், அழிக்க முடியாது. ஒன்றேகால் வருஷத்தில் ஞானம்பாளுக்கு நூற்றுப் பதினேழு பச்சை விழுந்திருந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் 'அந்தப் பிள்ளையா? ஒரு சொல் கேட்டதில்லையே' என்று பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேரை எடுப்பதற்கு நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது அதே பேரை முகம் தெரியாதவர்களிடம், பச்சை எழுத்தில், எண்ணிக்கையோடு வாங்கியாகிவிட்டது. "ஒத்தச் செவப்பு விழுந்துரக் கூடாதுங்க" என்று கணவரிடம் சொன்னாள். பேச்சுக்குச் சொன்னதாக அவர் நினைத்தார். அவள் விரதமாக எடுத்துக்கொண்டாள்.

விரதம் காக்கக் காக்க வாங்குகிறவர்களின் கெடுபிடி வளர்ந்தது. அமெரிக்காவில் ஒரு அம்மாள், உறையில் மருந்து வாடை வருகிறது, வீட்டுப் பூனை வெளியே போய்விட்டது என்று எழுதினாள். ஞானம்பாள் வசம்பைப் பற்றி இரண்டு பக்கம் விளக்கம் எழுதிப் பணத்தைத் திருப்பினாள். அடுத்த மாதம் அதே அம்மாள், அந்த வாடை இருக்கும் அலமாரியில் பூச்சி வருவதில்லை, அதே வாடையில் இன்னொரு உறை கிடைக்குமா என்று கேட்டாள். பிரான்சில் ஒருவர் உறைக்குள் இருந்த வக்கீல் கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். படித்துவிட்டு, வக்கீல் அன்றைக்குச் சொன்ன யோசனை தப்பு என்று நான்கு பக்கம் எழுதினார். அதற்கும் பதில் போட்டாள்.

எல்லாருக்கும் அவள் பதில் எழுதிய முறைதான் விசேஷம். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கு வணிகக் கடிதம் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை. எவன் என்ன திட்டினாலும் அது மாதிரிக் கடிதத்தின் அளவுக்குள்தான் வந்து உட்காரும். 'நீ ஏமாற்றுக்காரி' என்று ஒருவன் ஒற்றை வரியில் எழுதினால், 'தாங்கள் அன்புகூர்ந்து எழுதிய இம்மாதம் ஒன்பதாம் தேதிய கடிதம் கிடைக்கப்பெற்றோம். அதில் கண்ட விஷயம் எங்கள் கவனத்தில் உள்ளது' என்று தொடங்கும். எங்கள் என்றால் அவளும் பதினான்கு டைப்ரைட்டரும்.

வெளிநாட்டுக்காரர்கள் ஏலத்தில் விழுந்த விலையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மற்றதற்கெல்லாம் சண்டை பிடித்தார்கள். நம் ஆள் ஒருவர் மற்றதற்கெல்லாம் தாராளமாக இருந்து, விழுந்த விலையில் சண்டை பிடித்தார். டொரொண்டோவில் இருக்கும் வெங்கட்ரமணன், பூர்விகம் கல்லிடைக்குறிச்சி. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார். 'மாமி, நன்னா பேக் பண்ணியிருந்தேள். ஆனா நம்மூர்க்காரனுக்குன்னு கொஞ்சம் பார்த்துப் போடப்படாதா?'

"ஏலத்துல விலைய ஏத்துனதே இவருதான். இப்ப இவரே குறைக்கச் சொல்லுதாரு" என்றாள் ஞானம்பாள்.

"உன்னைய மாமிங்காரே" என்றார் திருஞானசம்பந்தம், முக்கியமான விஷயத்தைப் பிடித்துக்கொண்டவராக. "நாம பிள்ளைமாருன்னு ஒரு வரி எழுதிப் போடேன்."

"அதச் சொன்னா ஆச்சின்னு கூப்புட்டுக் குறைக்கச் சொல்லுவாரு."

இவர்கள் எல்லாரும் பொடிசுகள். மலை ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மிஸ்டர் பெம்பர்டன். ரயில் கால அட்டவணை அச்சடிக்கும் இடத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். மனிதர் உலகத்தையே ஒரு கால அட்டவணையாகப் பார்த்தார், அதில் எல்லாமே பிழை. தபால்தலையின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார். பன்னிரண்டு என்று நீ எழுதியிருக்கிறாய், எனக்குப் பதினொன்றரைதான் வருகிறது என்பார். அவள் எண்ணிச் சொல்வாள். அவர் மறுபடி எண்ணுவார். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஒரே வாசகம்: 'திருப்தி இல்லாவிட்டால் அதை வெளிப்படையாகப் பதிவு செய்வது என் கடமை.' ஏழு தடவை வாங்கினார், ஏழு தடவையும் கடைசி நாளில் பச்சை போட்டார். அந்த ஏழு பச்சைக்கும் ஞானம்பாள் கொடுத்த தூக்கத்தைக் கணக்கெடுத்தால் ஒரு சின்னக் குடும்பம் ஒரு மாதம் தூங்கலாம்.

தொண்ணூற்றொன்பது ஆடி வாக்கில் அவள் சோறு தின்பது குறைந்தது. தோசைக்கல் முன்னால் நின்றபடி பெம்பர்டனுக்குப் பதில் யோசிப்பாள், தோசை கரியும். ஆவணியில் நாங்குநேரி அக்கா மகளுக்கு வளைகாப்பு. அன்றைக்குப் பார்த்து மூன்று ஏலம் முடிகிறது என்று போகவில்லை. டைப் அடிக்க வந்த பிள்ளைகளிடம், "நீ அடிக்கிற சத்தமே குறை சொல்லுத மாதிரி இருக்கு" என்று எரிந்து விழுந்தாள். பச்சை விழுந்தால் முன்பு சந்தோஷப்படுவாள். இப்போது 'ஒருத்தர் கிட்ட இருந்து தப்பிச்சாச்சு' என்று மூச்சு விடுவாள், அவ்வளவுதான். அவர்கள் எழுதிய வரியைப் படிப்பதுகூடக் கிடையாது. நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தொல்லைக்குப் போய்விடுவாள்.

இன்ஸ்டிடியூட்டைக் கூட்டிப் பெருக்கி, இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு, பிள்ளைகளை அதட்டி, முதலாளியையும் அதட்டுகிற முப்பிடாதி, ஒரு நாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு மாமியா. அவளச் சமாளிக்கவே எனக்கு ஏழு ஜென்மம் வேணும். நீங்க கம்பூட்டர் பொட்டிக்குள்ள நூத்திப் பதினேழு மாமியாள வச்சுக்கிட்டு அழுதியளேக்கா."

"அவுங்கெல்லாம் நல்லவுங்க முப்பிடாதி. நல்ல பேரு குடுத்தவுங்க."

"என் மாமியாளும் வெளிய சொல்லும்போது நல்லாத்தான் சொல்லுவா."

திருஞானசம்பந்தமும் பைய ஆரம்பித்தார். "விட்டுரு ஞானம். பெட்டிய மூடிப் பரண்ல போட்டுருவோம்."

"இப்ப விட்டா பயந்து ஓடிட்டான்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா? லீட்ஸ்லயா? அங்கன நமக்கு யாரத் தெரியும்? பொண்ணு எடுக்கப் போறமா?"

அவள் விரல்கள் நாற்காலிக் கையில் ஏதோ தட்டின.

புரட்டாசி கடைசியில் பெட்டியின் அடியிலிருந்து ஓர் உறை வந்தது. அதிலிருந்த இரட்டைத் தபால்தலைகளுக்கு நடுவில் பல் வெட்டவே இல்லை. அச்சகத்தில் எவனோ வெட்ட மறந்தது. மறதிக்குத்தான் அந்த உலகத்தில் மதிப்பு. தெற்கு பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் ஸ்கேன் எடுத்து ஏலத்தில் போட்டாள். பெம்பர்டன் பதினொரு கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, எல்லாரையும் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமை ஏலத்தை எடுத்தார். சனிக்கிழமையே கடிதம்: 'இன்னும் அனுப்பவில்லையா?'

திங்கள் சரஸ்வதி பூஜை, செவ்வாய் விஜயதசமி. தபால் நிலையம் இரண்டு நாளும் மூடல். புதன்கிழமை அனுப்புவதாக எழுதினாள். எழுதுபொருளுக்குப் பூஜை போடுவதற்காக எழுதுவதை நிறுத்துவார்கள் என்பது பெம்பர்டனுக்குப் பிடிபடவில்லை. 'உங்கள் நாட்டில் தபால்துறையும் இந்தக் காரணத்துக்காகவா மூடுகிறது?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

புதன்கிழமை போக வேண்டிய உறைகள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றையும் அதனதன் அட்டை மேல் வைத்து, ஒட்டுவதற்கு முன் மூன்றாவது தடவை சரிபார்ப்பதற்காக மேஜையில் பரப்பி வைத்திருந்தாள். பெம்பர்டனுடையது முதல் வரிசையில்.

திங்கள் காலையில் இன்ஸ்டிடியூட்டில் பூஜை ஏற்பாடு நடந்தபோது ஒரு சாஸ்திரப் பிரச்சினை வந்தது. கம்ப்யூட்டரைப் பூஜையில் வைப்பதா, வேண்டாமா?

"அது புஸ்தகமா? இல்ல. சரஸ்வதிக்கு அதுல என்ன சோலி? அத விட்டுருங்க" என்றாள் ஞானம்பாள். மத்தியானம் இரண்டு ஏலம் முடிகிற நாள்.

"புஸ்தகம் இல்லன்னா மிசினு. மிசினுன்னா ஆயுதம். ஆயுத பூசையும் இன்னைக்குத்தான்" என்றார் தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர். எந்தப் பக்கம் போனாலும் மனு தள்ளுபடி ஆகிற மாதிரி உத்தரவு எழுதுவது அவர் தொழில்.

அவள் வாதத்தை யோசித்து முடிப்பதற்குள் முப்பிடாதி கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். பொட்டு வைத்த பிறகு அதன் கண்ணைத் திறக்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? பதினான்கு டைப்ரைட்டர், நோட்டுகள், பேனாக்கள், ரப்பர் ஸ்டாம்பு, ஸ்டேப்ளர், எல்லாம் வரிசையில் உட்கார்ந்தன. சாம்பிராணிப் புகை, கற்பூரம், சுண்டல், பொரிகடலை. தெருவில் அம்மன் சப்பரத்துக்கு மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருஞானசம்பந்தம் கண்ணை மூடிச் சகலகலைகளையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஞானம்பாள் திரும்பினாள். மேஜையைப் பார்த்தாள்.

இருபத்து மூன்று உறைகளிலும் பொட்டு. ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஏதோ ஒரு மூலையில் இல்லை. ஒவ்வொன்றிலும் தபால்தலையின் மேல், சங்குக்கு நேர் நடுவில், அளந்து வைத்த மாதிரி. பெம்பர்டனின் இரட்டைத் தலைக்கு இரண்டு பொட்டு.

"முப்பிடாதி."

"என்னக்கா?"

"இது... இதுல எதுக்கு?"

"பொழப்புக்குள்ள சாமான் ஒண்ணையும் விட்டுராதன்னு அண்ணாச்சிதான் சொன்னாவ."

அண்ணாச்சி பொரிகடலையைப் பார்த்தபடி நின்றார்.

"அது சரி. அதுல தபால்தலை மேலயே எதுக்கு வச்ச?"

முப்பிடாதிக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. "அதுல சங்கு இருந்துச்சுல்லாக்கா? பெருமாள் சங்கு. சாமிய விட்டுட்டு வெறுந்தாளுல வைக்கச் சொல்லுதியளா?" பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா ஈரத்துணியப் போட்டுத் தொடச்சுருதேன்" என்று முந்தானையைக் கையில் எடுத்தாள்.

"தொடாதே!" என்று அலறினாள் ஞானம்பாள். பிள்ளைகள் சுண்டலோடு உறைந்து நின்றார்கள்.

அவள் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனாள். பெம்பர்டனுக்கு உடனே எழுத வேண்டும், அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். மாலை போட்ட கம்ப்யூட்டர் மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"பூசையில இருக்கு ஞானம்."

"காயிதத்துலயாவது எழுதி வைக்கேன்."

"பேனாவும் பூசையில இருக்கு."

மாலைக்குக் கீழே சரஸ்வதி படம், படத்துக்கு முன்னால் இன்ஸ்டிடியூட்டில் எழுதக்கூடிய அத்தனை பொருள்களும். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். எடுத்தால் யாரும் கையை வெட்டப் போவதில்லை. ஆனால் எடுக்க முடியவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முப்பிடாதி பாய் விரித்தாள். அவள் படுத்தாள். பகல் பதினொன்றரை மணிக்குத் தூங்க ஆரம்பித்த ஞானம்பாள், மேளம் அடித்து, வெடி போட்டு, கணவர் வந்து மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்து, எதுவும் தெரியாமல் விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினாள். எழுந்ததும் ஒரு சட்டி சுண்டலைத் தின்றாள். மறுபடி தூங்கினாள். அவள் விரல்கள் பாயில் அசையாமல் கிடந்ததாக முப்பிடாதி ஊரெல்லாம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபூஜை முடிந்து மாலையைக் கழற்றிக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பெம்பர்டனிடமிருந்து ஒன்பது கடிதம் வந்திருந்தது. ஒரு நாளில் ஒன்பது. ஞானம்பாள் வரிசையாகப் படித்தாள்.

முதல் கடிதத்தில் உறையின் பின்பக்க முத்திரையில் தேதி தெளிவாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இரண்டாவதில் ஏன் பதில் இல்லை என்று கோபப்பட்டிருந்தார். மூன்றாவதில், விற்பவர் மௌனம் சாதிப்பதன் பொருள் தனக்குத் தெரியும் என்றார். நான்காவதில் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்ததாகவும், தேதி தெளிவாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். ஐந்தாவதில், தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஆறாவதில், அவசரப்பட வைத்தது அவள்தான் என்றார். ஏழாவதில் விடுமுறை என்று அவள் முன்பே எழுதியது நினைவுக்கு வந்திருந்தது. எட்டாவதில் மன்னிப்பு. ஒன்பதாவதில், மன்னிப்புக்கும் பதில் வராதது வருத்தமளிக்கிறது.

ஞானம்பாளுக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முப்பிடாதி ஓடி வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் வருஷமாக இந்த மனிதரின் சண்டையில் பாதிப் பங்கு தன்னுடையது என்று நினைத்து உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறாள். ஒரு நாள் அவள் படுத்துத் தூங்கினதற்கு, மனிதர் இரண்டு பேர் வேலையையும் தானே பார்த்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகி, மறுபடி சண்டைக்கும் வந்துவிட்டார். இதில் அவளுக்கு வேலையே இல்லை.

ஆனால் பொட்டு விஷயத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் முதன்முறையாக மாதிரிக் கடிதத்தை விட்டுவிட்டு எழுதினாள். கிடைக்கப்பெற்றோம், கவனத்தில் உள்ளது, எதுவும் இல்லை. 'ஐயா, எங்கள் வழக்கப்படி பிழைப்புக்கு உதவும் பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைப்போம். என் கூட வேலை செய்கிறவள் உங்கள் உறைக்கும் வைத்துவிட்டாள், தபால்தலை மேலேயே. அவள் மேல் தப்பில்லை. மேஜையில் விட்டது நான். துடைத்தால் இன்னும் கெடும். வேண்டுமென்றால் இப்படியே அனுப்புகிறேன், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்புகிறேன். எப்படியானாலும் உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.' அனுப்பிவிட்டாள். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் இதையே எழுதினாள்.

ஸ்வீடன்காரர், பொட்டோடு அனுப்பு, அதன் கதையைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சேர் என்றார். இன்னும் சிலர் பொட்டோடே கேட்டார்கள். பாதிப் பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பரவாயில்லை என்றார்கள். பெம்பர்டன் ஒரே வரி எழுதினார்: 'பணத்தைத் திருப்பவும்.' திருப்பினாள். அடுத்த வாரம், நூற்றுப் பதினேழு பச்சைக்கு மேலே, உச்சியில், சிவப்பு விழுந்தது. 'பொருளின் மேல் ஊழியர் சிவப்புத் தூள் பூசிவிட்டார். பணம் உடனே திரும்பி வந்தது.' பிழை திருத்துகிறவர் அல்லவா, ஒரு சொல் கூடுதலோ குறைவோ இல்லை.

ஞானம்பாள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திருஞானசம்பந்தம் காப்பியோடு வந்து, திரையைப் பார்த்து, தம்ளரை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன ஞானம், என்னமும் பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணலங்க. அதான் அதிசயமா இருக்கு."

"நெஞ்சு கிஞ்சு..."

"பசிக்குது" என்றாள்.

காக்க வேண்டியது போய்விட்ட பிறகு காவல்காரிக்கு வேலை இல்லை. அன்று அவள் செய்த காரியத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குறை சொல்லியே பிழைக்கிற என் மாதிரி ஆட்களுக்கு அது உறைக்கிற விஷயம். சிவப்புக்குக் கீழே இருந்த பச்சைகளை, முதன்முறையாக, ஒவ்வொன்றாகப் படித்தாள். 'என் அப்பா கொல்லத்தில் பிறந்தவர். இந்தச் சங்கைக் காட்டினதும் மருத்துவமனைப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு. 'உறையைச் சுற்றியிருந்த செய்தித்தாளைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அந்த எழுத்து அழகாக இருக்கிறது' என்று இன்னொருவர். பூனை வெளியேறிய அம்மாள், 'என்னிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசி வெகுநாளாயிற்று' என்று எழுதியிருந்தாள். வெங்கட்ரமணன், பேரம் பேசிய அதே வாரத்தில், 'எங்க ஊர் மனுஷா, கண்ணை மூடிண்டு வாங்கலாம்' என்று உலகத்துக்கு அறிவித்திருந்தார். காப்பி ஆறிப்போனது. ஞானம்பாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இவ்வளவு பேரு வந்து நல்லபடியாச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் ஒருத்தரையும் ஏறெடுத்துப் பாக்கலையே" என்றாள். அடுத்த மூன்று நாள் நூற்றுப் பதினேழு பச்சைக்கும் நன்றிக் கடிதம் போனது. மாதிரிக் கடிதம் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி.

அதன் பிறகு அவள் கடை, காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரைதான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை கிடையாது. நாங்குநேரி அக்காவின் பேத்திக்குப் பேர் வைத்த அன்று போய், இரண்டு நாள் தங்கி, வளைகாப்புக்கு வராத பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள். சிவப்பைப் பார்த்து யாரும் ஓடவில்லை. வெங்கட்ரமணன் மட்டும் சந்தர்ப்பத்தை விடவில்லை. 'மாமி, உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வந்துடுத்து போலிருக்கே. இனிமேயாவது விலையை இறக்குவேளா?' முன்பென்றால் இரண்டு நாள் தூக்கம் போயிருக்கும். இப்போது, 'கெட்ட பேர் ஒன்றுதான் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு வரட்டும், இறக்குகிறேன்' என்று தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

தீபாவளிக்கு முப்பிடாதிக்கு எடுத்த சேலை, வழக்கமாக எடுப்பதைவிடக் கனமானது. முப்பிடாதி அதை விரித்து, முந்தியைத் தடவி, சந்தேகத்தோடு நிமிர்ந்தாள்.

"கெடுத்ததுக்கா இந்தச் சேல?"

"ஆமா."

"அப்பம் வாரவருசம் பெட்டியோடு எல்லாத்துலயும் வச்சுருதேன். பட்டா எடுத்துருங்க."

கார்த்திகை மாதம் புதிதாக ஆறு உறைகள் ஏலத்துக்குப் போயின. முதல் நாளே, முதல் உறைக்கு, முதல் விலை கேட்டவர் லீட்ஸ் நகரத்து பெம்பர்டன். உடன் ஒரு கடிதமும் வந்தது. சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓரத்துப் பல் எத்தனை, தாளில் மடிப்பு உண்டா, பசை மீதியிருக்கிறதா என்று வழக்கமான கேள்விகள். கடைசிக் கேள்வி மட்டும் புதிது: 'இந்த உறை இதுவரை ஏதேனும் சமயச் சடங்குக்கு உட்படுத்தப்பட்டுள்ளதா?'

ஞானம்பாள் மணியைப் பார்த்தாள். பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. 'இன்னும் இல்லை' என்று தட்டி அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை மூடினாள்.